பிக்கப் வண்டியும் கியர் கம்பியும்



தோட்டத்து லயத்தின் முன்னால் ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாய்ச் சாயம் அடித்திருக்கிறது. பிள்ளைகள் பின்தட்டில் ஏறிக் குதிக்கிறார்கள். பக்கத்து வீட்டார் வந்து தொட்டுப் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். 55 வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் பெரும் பகுதி அந்த வண்டிக்குள் போய்விட்டது. எல்லாரும் மகிழ்ந்து நிற்கும்போது, வீட்டம்மா மட்டும் வாசற்படியில் நின்றுகொண்டு இரண்டு கேள்விகள் கேட்கிறார்: “இது எத்தனை நாளைக்கு ஓடும்? இதை ஓட்ட நம்ம வீட்டிலே யாருக்குத் தெரியும்?”

இரண்டும் சரியான கேள்விகள். ஆனால் அவை வண்டி வாசலுக்கு வந்த பிறகு கேட்க வேண்டியவை அல்ல. பணம் கை மாறுவதற்கு முன்பே கேட்க வேண்டியவை. இவற்றுக்கு விடை சொல்ல நாம் வண்டியின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போய் வரலாம். வரலாறு எதற்கு என்று நேயர்கள் நினைக்கலாம். ஒரு பொருள் எப்படி உண்டானது, எந்தக் குறையைத் தீர்க்க அதில் எந்தப் பாகம் சேர்ந்தது என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். அது ஒரு காரணம். மற்றொன்று, இந்த வண்டியின் வரலாறும் நம் வரலாறும் ஒரே கயிற்றில் முறுக்கிய இரண்டு புரிகள்.

1896-ஆம் ஆண்டை நினைவில் வைப்போம். அந்த ஆண்டில் சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் கப்பலில் வந்து இறங்கியது. அது ஜெர்மனியின் பென்ஸ் ஆலையில் செய்த வண்டி. அதே ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங் என்னும் இடத்தில் டான் சாய் யான் என்பவர் வியாபாரத்துக்காக ரப்பர் மரங்களை நட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பார்கள். காரும் தோட்டமும் ஒரே ஆண்டில் இந்த மண்ணைத் தொட்டன.

அதற்கு முன்கதை உண்டு. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 அடுத்த ஆண்டு சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்தன. ஆனால் பல ஆண்டுகள் அந்த மரத்தை யாரும் பெரிதாய் மதிக்கவில்லை. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். முதலில் அது சைக்கிளுக்குத்தான். 1895-இல் பிரான்சில் நடந்த கார்ப் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டிக் காட்டினார்கள். கார் பெருகப் பெருக டயர் வேண்டியதாயிற்று. டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு மரம் வெட்டக் கைகள் வேண்டும். 1910-இல் லண்டன் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போனது. 1907-இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதியின் துணையோடு, கங்காணிகளின் பின்னால் நம் பாட்டன் பாட்டிமார் கப்பல் ஏறினார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் அந்த ஆளனுப்பும் முறையை நிறுத்தும் வரை அது நடந்தது.

ஆக, மோட்டார் வண்டி ஓடுவதற்காகவே நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தார்கள். ஆனால் அந்த வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடிக்க அவர்களில் எத்தனை பேருக்கு வாய்த்தது? மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்தார்கள். காண்டா கம்பில் தோளேற்றிக் கொட்டகைக்குச் சுமந்தார்கள். அந்தப் பால் எங்கோ டயராகி, துரையின் காரில் திரும்பி வந்து, அவர்கள் மீதே செம்மண் புழுதியை இறைத்துவிட்டுப் போனது. இதை வருத்தத்துக்காகச் சொல்லவில்லை. நம் வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வந்து நிற்பது சின்ன செய்தி அல்ல என்பதற்காகச் சொல்கிறோம்.

இனிக் கியர் வந்த கதைக்குப் போவோம்.

1886-இல் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு உரிமம் பெற்றார். ஆனால் அதை வாங்க ஆள் வரவில்லை. 1888 ஆகஸ்டு மாதம் ஒரு நாள் அதிகாலை, அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே இரு மகன்களையும் கூட்டிக்கொண்டு அந்த வண்டியில் புறப்பட்டார். மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் பயணம். தூரம் சுமார் 100 கிலோமீட்டர். உலகில் மோட்டார் வண்டியை முதன்முதலில் நெடுந்தூரம் ஓட்டியவர் ஒரு பெண்தான். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து ஆணி அடிக்கச் செய்தார். ஆனால் மேடு வந்தபோது வண்டி ஏற மறுத்தது. பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. திரும்பி வந்ததும், மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார், அவரும் சேர்த்தார்.

மேட்டில் வண்டி ஏன் நின்றது? இதை நம் தோட்டத்து அனுபவத்தாலேயே விளங்கிக்கொள்ளலாம். நிறைந்த காண்டா வாளியோடு மேடு ஏறுகிறவர் நீட்டி அடி வைப்பதில்லை. குறுகிய அடியாய் எடுத்து வைக்கிறார். சமதரையில் வெறுங்கையோடு வரும்போது நீட்டி நடக்கிறார். ஆள் ஒருவர்தான், பலமும் ஒன்றுதான், அடிதான் வேறு. முதல் கியர் என்பது குறுகிய அடி. அதில் இஞ்சின் மூன்று நான்கு முறை சுற்றினால்தான் பின்னே போகும் தண்டு ஒரு முறை சுற்றும். வேகம் குறைவு, இழுக்கும் பலம் அதிகம். நான்காம் கியரில் பெரும்பாலும் இஞ்சினும் தண்டும் சமமாகச் சுற்றும். அது நீண்ட அடி.

பிரான்சில் பனார், லெவசோர் என்னும் இருவர் 1890-களில், இஞ்சினை முன்னால் வைத்து, அதற்குப் பின்னால் கிளட்சும் பல்சக்கரப் பெட்டியும் வைத்து வண்டி செய்தார்கள். பல்சக்கரங்களைக் கம்பியால் நகர்த்தி ஒன்றோடொன்று கோக்கும் முறை அங்கே உருவானது. 1898 கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் இரவு, லூயி ரெனோ என்ற இளைஞர் தாம் செய்த கியர் பெட்டி பூட்டிய சிறிய வண்டியைப் பாரிஸ் நகரின் செங்குத்தான லெப்பிக் தெருவில் ஏற்றிக் காட்டினார். அன்றிரவே 12 பேர் வண்டி கேட்டு முன்வந்தார்களாம். பாருங்கள், கியரின் வரலாறு முழுவதும் மேட்டின் வரலாறுதான்.

அந்தக் காலத்துக் கியரில் ஒரு தொல்லை இருந்தது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது பற்கள் மோதும். ‘கரகர’ என்று அலறும். ஆகவே ஓட்டுநர் கிளட்சை ஒரு முறை மிதித்துப் பிரீ கியருக்கு வந்து, விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியருக்குப் போக வேண்டும். கீழ்க் கியருக்கு இறங்கும்போது நடுவில் கொஞ்சம் எண்ணெயும் கொடுக்க வேண்டும். இதுதான் ‘டபுள் கிளட்ச்’. 1928-இல் அமெரிக்காவின் கெடிலாக் காரில், பற்கள் சேர்வதற்கு முன்பே வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு வந்தது. அதைச் ‘சின்க்ரோமெஷ்’ என்பார்கள். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி 1939-இல் அங்கேயே விற்பனைக்கு வந்தது. ஆனால் உழைக்கும் மக்களின் வண்டியில் கியர் கம்பி பல தலைமுறைகள் நிலைத்து நின்றது.

பிக்கப் எப்படிப் பிறந்தது? 1908-இல் ஹென்றி போர்டின் ‘மாடல் டி’ கார் வந்தது. அமெரிக்க விவசாயிகள் அதை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி, மரப்பெட்டி அடித்து மூட்டை ஏற்றினார்கள். மக்கள் தாங்களே செய்துகொண்டதைப் பார்த்து, 1925-இல் போர்டு ஆலையே பின்தட்டு வைத்த வண்டியை 281 டாலருக்கு விற்றது. பின்னர் ஆஸ்திரேலியாவில், ஒரு விவசாயியின் மனைவி போர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார் என்று சொல்வார்கள்: ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மழையில் நனையாமல் கோவிலுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டு போகவும் ஒரே வண்டி வேண்டும். லூ பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அப்படி ஒரு வண்டியை வரைந்தார். 1934-இல் அது வெளிவந்தது. நமக்கும் அதுதானே தேவை? காலையில் காய்கறியோ செம்பனைக் குலையோ ஏற்ற வேண்டும். மாலையில் பிள்ளைகளை டியூஷனுக்கு அழைத்துப் போக வேண்டும். தைப்பூசத்துக்குக் குடும்பமே ஏறிப் போக வேண்டும்.

நம் பக்கத்தில் 1926-இல் போர்டு நிறுவனம் சிங்கப்பூரில் கால் ஊன்றியது. 1941-இல் புக்கிட் தீமாவில் அதன் வண்டி பூட்டும் தொழிற்சாலை எழுந்தது. 1942 பிப்ரவரி 15-இல் பிரிட்டிஷ்காரர்கள் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டது அந்தத் தொழிற்சாலைக்குள்தான்.

போருக்குப் பின் 1948-இல் இங்கிலாந்தில் ‘லேண்ட் ரோவர்’ வந்தது. எஃகுத் தட்டுப்பாட்டால் அதன் மேல்உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். கீழே தாங்கும் சேசிஸ் மட்டும் எஃகு. அதே ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசர காலம் பிரகடனமாயிற்று. போலீசும் இராணுவமும் தோட்டப் பாதைகளில் அந்த வண்டியிலும் சுற்றின. பிறகு கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் அது உழைத்தது. பழைய லேண்ட் ரோவர்களைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டிய ஊர் அது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் அந்த வளைவுச் சாலையில் போய் வந்தவர்களுக்குக் கியரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. 1968-இல் டொயோட்டாவின் ‘ஹைலக்ஸ்’ வந்தது. 1970-களில் டட்சன், இசுசு, மாஸ்டா பிக்கப்புகள் நம் பட்டணச் சாலைகளிலும் மண் சாலைகளிலும் நிறைந்தன.

அக்காலத்தில் தோட்டத்தில் லோரி டிரைவர் என்றால் தனி மதிப்பு. பெட்போர்டு லோரியை டபுள் கிளட்ச் போட்டுச் சத்தமில்லாமல் மேட்டில் ஏற்றுகிறவரைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அந்த மதிப்புக்குப் பின்னால் ஓர் உண்மை இருந்தது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அந்த நெருக்கடியில்தான் 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் 1980-களிலும் 1990-களிலும் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் என்று பல தோட்டங்கள் மூடின. அப்போது மரம் வெட்ட மட்டும் தெரிந்தவர், தோட்டத்துக்கு வெளியே தம் கத்திக்கு வேலை இல்லை என்று கண்டார். கியர் போடத் தெரிந்தவருக்கோ, எந்தப் பட்டணத்திலும் ஒரு ஸ்டீயரிங் காத்திருந்தது. தோட்டம் கொடுத்த வீடு தோட்டத்தோடு போகும். கை கற்ற தொழில் நம்மோடு வரும்.

இப்போது வாசற்படியில் நிற்கும் அந்த அம்மாவின் முதல் கேள்விக்கு வருவோம். இது எத்தனை நாளைக்கு ஓடும்?

முதலில், சாயத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. லேண்ட் ரோவர் கதையை நினைவில் வைப்போம்: மேல் பளபளக்கும், கீழே சேசிஸ் துருவேறும். பிக்கப்பின் உயிர் அந்தச் சேசிஸில் இருக்கிறது. குனிந்து, விளக்கடித்து, அடியில் பார்க்க வேண்டும். புதிதாய்க் கருப்புச் சாயம் பூசியிருந்தால் இன்னும் கவனமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டு வைத்துப் பற்றவைத்த இடம் உண்டா? பின்னாலுள்ள ஸ்பிரிங் பட்டைகள் வளைவு குறைந்து தட்டையாய்ப் போயிருந்தால், வண்டி அளவுக்கு மீறிச் சுமந்தது என்று பொருள். முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அமைப்பில் கோளாறு.

ஓடிய தூரம் காட்டும் மீட்டரைத் திருப்பி வைக்கலாம். ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் உண்மை தெரியும். குறைவாக ஓடியது என்று சொல்லும் வண்டியில் அந்த ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், அல்லது அது மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், காரணம் கேட்க வேண்டும்.

வண்டியைக் காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பச் சொல்ல வேண்டும். நாம் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பி வரலாம். நீலப் புகை என்றால் இஞ்சினுக்குள் எண்ணெய் எரிகிறது. நிற்காத வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று ஐயப்பட வேண்டும்.

பிறகு கியர். சமதரையில் கைப்பிரேக்கை இறுக இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டுப் பார்க்க வேண்டும். இஞ்சின் திணறி அணைந்தால் கிளட்ச் நன்று. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தட்டு தேய்ந்து வழுக்குகிறது. ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாம் கியருக்கு இறங்கையில் ‘கர’ என்று கேட்டால், 1928-இல் கண்டுபிடித்தார்களே, அந்தச் சின்க்ரோமெஷ் தேய்ந்துவிட்டது என்று அறியலாம். இறக்கத்தில் காலை எடுத்ததும் கியர் கம்பி தானே பிரீ கியருக்குத் துள்ளி வந்தால், அந்த வண்டி நமக்கு வேண்டாம். நாம் தேர்ந்தெடுக்கும் பட்டறைக்காரரிடம் காட்டச் சில வெள்ளி செலவானாலும், அது போகும் பணம் அல்ல; காக்கும் பணம்.

வண்டியைப் போலவே காகிதத்தையும் பார்க்க வேண்டும். சேசிஸில் பொறித்த எண்ணும் இஞ்சின் எண்ணும் பதிவுப் பத்திரத்தில் உள்ளதோடு ஒத்திருக்கின்றனவா? நம் நாட்டில் 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தவணை முடியும் வரை வண்டி நிதி நிறுவனத்துக்கே சொந்தம். பழைய உரிமையாளரின் கடன் தீர்ந்ததா என்று தெரியாமல் முழுப் பணத்தையும் கொடுத்தால், ஒரு நாள் வண்டியை இழுத்துப் போக ஆள் வருவார். பெயர் மாற்றுவதற்கு முன் பரிசோதனை நிலையத்தில் வண்டியைக் காட்டும் முறையும் உண்டு. அதைத் தொல்லை என்று எண்ணாமல் துணை என்று எண்ணுவோம். “பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், பணத்தை இப்போது கொடுங்கள்” என்கிறவரிடம் நாம் வண்டி வாங்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி: ஓட்ட யாருக்குத் தெரியும்?

கற்றுக்கொள்ளலாம். கிளட்ச் என்பது இஞ்சினையும் சக்கரத்தையும் சேர்க்கும் கை குலுக்கல். வெடுக்கென்று விட்டால் வண்டி குதித்து அணையும். பாதியில் பிடித்துக்கொண்டே ஓட்டினால் தட்டு தேயும். மெல்ல விட்டு, வண்டி நகரத் தொடங்கியதும் காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். மிதி மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் வேண்டாம். மேடு வரும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். இஞ்சின் திணறிய பிறகு அல்ல. இறக்கத்தில் இன்னும் கவனம் தேவை. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். எண்ணெய் மிச்சம் என்று பிரீ கியரில் உருட்டிக்கொண்டு வருகிறவர் பிரேக்கை மட்டும் நம்பி வருகிறார். சுமையோடு நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். அப்போது வண்டியைக் காப்பது கீழ்க் கியர்தான். பின்தட்டில் பிள்ளைகளை ஏற்றிப் போகிற பழக்கத்தையும் விட்டுவிடுவோம். அது சுமைக்கான இடம். உயிருக்கான இடம் அல்ல.

இன்று கியர் மாற்றத் தேவையில்லாத வண்டிகள் பெருகிவிட்டன. அவற்றுக்கு ‘டிஏ’ என்று தனி லைசென்ஸ் வகுப்பும் உண்டு. ஆனால் ‘டி’ வகுப்பு எடுத்தவர் இரண்டையும் ஓட்டலாம். பழைய பிக்கப் வாங்க எண்ணும் குடும்பத்துப் பிள்ளைகள் ‘டி’ எடுப்பதே நன்று. மகனுக்கு மட்டும் அல்ல, மகளுக்கும் சொல்லிக்கொடுப்போம். பெண்ணுக்கு எதற்குக் கியர் வண்டி என்று யாராவது கேட்டால், 1888-இல் இரு பிள்ளைகளோடு மேடு ஏறிய பெர்த்தா பென்ஸின் கதையைச் சொல்வோம். மேடு ஏறக் கியர் வேண்டும் என்று உலகுக்குச் சொன்னவரே ஒரு தாய்தான்.

அன்பார்ந்த நேயர்களே, அந்த வண்டியின் நான்கு டயருக்கும் பால் கொடுத்த மரங்களை நம் முன்னோர் வெட்டினார்கள். அதன் பின்தட்டில் சுமையாய் ஏறிப் போனவர்களும் அவர்களே. இன்று முன்னிருக்கை நம்முடையது. சேமநிதிப் பணம் ஒரு முறைதான் வரும். அதைச் சாயத்துக்குக் கொடுக்காமல், நல்ல சேசிஸுக்கும் நல்ல கியருக்கும் கொடுப்போம். வாசற்படியில் நிற்கும் வீட்டம்மாவையும் வண்டி பார்க்கக் கூடவே அழைத்துப் போவோம். அவர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் அங்கேயே விடை கிடைத்தால் மட்டும் பணத்தை எண்ணிக் கொடுப்போம்.